வேலிக்குள் வேகம்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு ஓசூரில் பனி கலைந்திராது. சந்திரசூடேசுவரர் மலைமேல் ஒரு விளக்கு தெரியும். சிப்காட் வாயிலில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். பாகலூர்ப் பக்கத்திலிருந்து ரோஜாக் கட்டுகளை ஏற்றிய வண்டிகள் பெங்களூரை நோக்கி விரைந்துகொண்டிருக்கும். அந்த வேளையில், எதிர்த் திசையில், அத்திப்பள்ளியையும் ஜூஜூவாடி எல்லையையும் தாண்டி, தரையோடு தரையாகத் தாழ்ந்த மேனியும் அகன்ற சக்கரங்களும் கொண்ட கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை, 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையோரத்து டீக்கடையில் நின்றால் பார்க்கலாம். பார்க்கலாம் என்பதைக் காட்டிலும் கேட்கலாம் என்பதே பொருத்தம். கண்ணுக்கு அகப்படுமுன் காதுக்கு அகப்பட்டுவிடும் ஜாதி வாகனங்கள் அவை.

இவற்றில் இரண்டு வகையுண்டு என்பதைச் சில வாரங்கள் கவனித்தால் எவரும் அறிந்துகொள்ளலாம். முதல் வகையினர், கிருஷ்ணகிரிவரை ஒரே மூச்சில் பாய்ந்துபோய், அங்கே இட்லியும் காப்பியும் முடித்துக்கொண்டு, அதே பாய்ச்சலில் ஊர் திரும்புகிறவர்கள். கன்டெய்னர் லாரியும், வாழைத்தார் ஏற்றிய டெம்போவும், சாலையின் நடுத்திட்டில் நின்று இந்தப் பக்கம் பார்ப்பதா அந்தப் பக்கம் பார்ப்பதா என்று தெரியாமல் தவிக்கும் கிழவியும், அவர்களுக்கு வளைந்து விலகிச் செல்லவேண்டிய சில தடைகள் மாத்திரமே. இரண்டாம் வகையினரோ, சூளகிரி மலையைக் கடக்கும்போதுகூட லாரிகளுக்குப் பின்னால் நிதானமாக வருவார்கள். அவர்களுடைய கார் டிக்கியைத் திறந்தால் ஹெல்மெட், காற்று அளக்கும் மீட்டர், டார்க் ரெஞ்ச், இரண்டு பாட்டில் பிரேக் ஆயில், ஒரு பெரிய தண்ணீர் கேன் ஆகியவை இருக்கும். அவர்கள் கிருஷ்ணகிரியில் நிற்காமல் இடப்புறம் திரும்பி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் போகிறவர்கள். ஓசூரிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர் பிரயாணம். வேகமாக ஓட்டுவதற்காக அவ்வளவு தூரம் மெதுவாக ஓட்டிச் செல்லும் இந்த விசித்திர மனிதர்களைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

வேகத்தின்மேல் ஆசை கொள்வது ஏதோ பெங்களூர்க் கனவான்களின் கெட்ட பழக்கம் என்று ஓசூர்க்காரர் எவரும் சொல்லிவிட முடியாது. ஓசூர் என்னும் பெயரைத் தேசம் முழுவதும் கொண்டுசென்றது இரு சக்கர வாகனம். 1980-ல் ‘டிவிஎஸ் 50’ என்னும் எளிய மொபெட் ஓசூர் ஹரிதாவிலுள்ள ஆலையிலிருந்து வெளிவந்தது. அடுத்த இரண்டாவது வருஷத்திலேயே, 1982-ல், அந்த ஸ்தாபனம் ‘டிவிஎஸ் ரேசிங்’ என்று தனியாக ஒரு பந்தயப் பிரிவை ஏற்படுத்திக்கொண்டது. பால்காரரும் காய்கறிக்காரரும் ஓட்டும் மொபெட்டைச் செய்கிறவர்களுக்குப் பந்தயம் எதற்கு என்று அன்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். பந்தயத்தில் ஒரு நாளில் தேயும் பாகம் தெருவில் ஒரு வருஷத்தில் தேய்கிறது. ஆகவே தெருவுக்கு உரிய பாடத்தைப் பந்தயத்தில் சீக்கிரமாகப் படித்துவிடலாம் என்பதுதான் அதற்கு விடை. இன்று அதே ஊரில் ‘அப்பாச்சி’ பைக்குகளும், ஜெர்மானிய பிஎம்டபிள்யூ கம்பெனிக்கான 310 வரிசை பைக்குகளும் தயாராகின்றன. ஆலைக்குச் சொந்தமான சோதனைத் தடம் ஒன்றும் இருக்கிறது. வேலிக்கு உட்பட்டது, வெளியாருக்குத் திறவாதது. இந்தத் தடத்தைப் பற்றிப் பின்னால் சொல்ல எனக்கு ஒரு விஷயம் உண்டு.

ஆலைகள் வருவதற்கு முன்பும் இந்தப் பிரதேசம் வேகத்தை அறியாததன்று. பொங்கல் கழிந்ததும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களில் நடக்கும் எருது விடும் விழாவைப் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டுவதில்லை. மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டில் காளையைத் தழுவி அடக்குவது விசேஷம். இங்கே காளை ஓடுவதே விசேஷம். பல ஊர்களில் குறிப்பிட்ட தூரத்தை எத்தனை விநாடியில் கடந்தது என்று கணக்கிட்டுப் பரிசு தருகிறார்கள். 2023 பிப்ரவரியில் ஓசூரை அடுத்த கோபசந்திரத்தில் விழாவுக்கு அனுமதி கிடைக்கத் தாமதமானபோது, ஆத்திரமடைந்த இளைஞர்கள் தேசிய நெடுஞ்சாலையையே மறித்துவிட்டதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அந்த அனுமதி எதைச் சார்ந்தது? 2017-ல் அரசு வகுத்த ஜல்லிக்கட்டு விதிகளின்படி, ஓடும் காளைக்கும் வேடிக்கை பார்க்கும் ஜனங்களுக்கும் நடுவே இரட்டைத் தடுப்பு போட்டாக வேண்டும். மருத்துவரும் கால்நடை மருத்துவரும் இருந்தாக வேண்டும். ஆக, வேகத்துக்கு ஒரு வேலி வேண்டும் என்னும் கொள்கை நம்மவருக்குப் புதிதல்ல. காளைக்கு ஒப்புக்கொண்டதைக் காருக்கு ஒப்புக்கொள்ளத்தான் தயங்குகிறோம்.

அந்த இரண்டாம் வகையினர் நாடிச் செல்லும், டிராக் டே என்று ஆங்கிலப் பெயராலேயே வழங்கும் கூட்டம் பந்தயம் அன்று என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். பரிசில்லை, முதலாவது, இரண்டாவது என்ற வரிசையில்லை. தம்முடைய சொந்தக் காரை, எதிர்வண்டி வராத, மாடு குறுக்கிடாத, வளைவுகளைத் தேர்ந்து அமைத்த ஒரு மூடிய பாதையில், அனுபவஸ்தர் மேற்பார்வையில், தமக்கும் காருக்கும் உள்ள சக்தியின் எல்லை எது என்று அறிந்துகொள்ள ஓட்டிப் பார்ப்பதே இதன் உத்தேசம். புதியவர், பழகியவர், கைதேர்ந்தவர் என்று மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்தையும் பதினைந்து இருபது நிமிஷம் தடத்தில் விடுவது வழக்கம். புதியவர்கள் கடிகாரம் வைத்துத் தங்கள் சுற்றின் நேரத்தை அளப்பதையே பல கழகங்கள் அனுமதிப்பதில்லை. நேரத்தை அளக்கத் தொடங்கியவன் சாலையைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறான் என்பது அவர்கள் கண்ட உண்மை.

தமிழ்நாட்டில் மோட்டார் பந்தயத்துக்கு வயது எழுபதுக்கு மேல். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தோன்றியது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்தில் விமானங்களுக்காகப் போட்டு, பிறகு கவனிப்பாரின்றிக் கிடந்த ஓடுதளத்தைப் பந்தயச் சாலையாக மாற்றிக்கொண்டார்கள். அந்தக் காலத்துச் சோழவரம் பந்தயங்களைப் பற்றிக் கேட்டால், இன்று தாத்தாக்களாகிவிட்டவர்கள் கண்ணில் ஓர் ஒளி வரும். சென்னையிலிருந்து கட்டுச்சோற்றுடன் குடும்பம் குடும்பமாகப் போவார்களாம். கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன் அங்கே ஓட்டிப் புகழ்பெற்றவர். மாருதி 800 எஞ்சினை வைத்து ‘ஃபார்முலா மாருதி’ என்னும் ஒற்றை ஆசனப் பந்தயக் காரை உண்டாக்கி, சாமானியப் பிள்ளைகளும் பந்தயம் பழக வழிசெய்தவர். 1995-ல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவை செட்டிப்பாளையத்திலுள்ள ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே சாலை போட்டு முடித்ததும் சோழவரத்தின் யுகம் முடிந்தது. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் நீளம் 3.717 கிலோமீட்டர், வளைவுகள் 12. பிற்காலத்தில் உலகப் பந்தய மேடையில் ஏறிய நரேன் கார்த்திகேயனும் கருண் சந்தோக்கும் தமிழ்நாட்டில் வளர்ந்த பிள்ளைகள் என்பது தற்செயல் அன்று.

சரித்திரம் போதும், பட்டறைக்கு வருவோம். டிராக் டேக்குப் போவதென்று நிச்சயித்த மனிதன் செய்யவேண்டிய முதற்காரியம் காருக்குப் புதிய அலங்காரம் வாங்குவதன்று, பிரேக்கைப் பார்ப்பது. ஓசூரில் பழைய மெக்கானிக் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சலித்துக்கொண்டார்: “எல்லாரும் எஞ்சினை ஏத்தணும்னுதான் வர்றாங்க சார். நிக்கணும்னு ஒருத்தரும் வர்றதில்லை.” இந்த வாக்கியத்துக்குப் பின்னால் இருக்கும் பௌதிகத்தைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும்.

ஓடுகிற காரின் சக்தி அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரை 140-க்கு உயர்த்தினால், முள் நாற்பதுதான் நகர்ந்தது. நிறுத்துவதற்குக் கரைக்கவேண்டிய சக்தியோ ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. ஒன்றரை டன் எடையுள்ள ஒரு கார் 150 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுவதும் நிற்குமானால், அந்த ஒரு தடவையில் பிரேக்குகளில் எழும் உஷ்ணம், நான்கு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. வீட்டு அடுப்பில் அதற்கு எத்தனை நிமிஷம் பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே சில விநாடிகளில் நடந்து முடிகிறது. தடத்தில் காரை முழுவதும் நிறுத்துவதில்லை என்றாலும், வளைவுக்கு வளைவு வேகத்தைக் கொன்று மறுபடி எழுப்பவேண்டியிருப்பதால், பிரேக் தட்டுகள் ஆறுவதற்கு அவகாசம் இல்லாமல் சூடு ஏறிக்கொண்டே போகிறது. ஊருக்குள் பத்து வருஷம் ஓட்டினாலும் இந்தச் சூட்டை ஒரு கார் அறியாது.

இந்தச் சூடு பிரேக் பேடையும் டிஸ்க்கையும் மாத்திரம் தாக்குவதில்லை. காலால் மிதித்த அழுத்தத்தைச் சக்கரம்வரை சுமந்துசெல்லும் பிரேக் ஆயிலையும் தாக்குகிறது. ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் அன்று. காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் திரவம். ‘டாட் 4’ என்று வழங்கும் வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின்னர் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் குமிழி உண்டாகும். குமிழியை அழுத்தினால் அது அமுங்கிக்கொடுக்குமேயன்றி அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் பஞ்சுமூட்டைபோல் தரைவரை போகும், கார் போய்க்கொண்டேயிருக்கும். இரண்டு வருஷமாக மாற்றாத பிரேக் ஆயிலுடன் தடத்துக்கு வருகிறவர், தம் காரில் என்ன எஞ்சின் இருக்கிறது என்று பெருமை பேசும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்தக் காரில் அவரோடு உட்காரச் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான் வருகிறது. சில நூறு ரூபாய்ச் செலவில் ஓர் உயிரைக் காக்கக்கூடிய இடம் மோட்டார் உலகத்தில் இதைப்போல் வேறில்லை.

டயர் விஷயத்தில் மக்கள் ரப்பரின் கனத்தைப் பார்க்கிறார்கள், வயதைப் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷத்து 23-ஆவது வாரத்தில் பிறந்த டயர். அதிகம் ஓடாமல் ஷெட்டில் நின்ற காரின் டயர் பார்வைக்குப் புதிதாக இருக்கும், ரப்பரோ இறுகிப்போயிருக்கும். காற்றின் கதை வேறு. கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஓசூர்க் குளிரில், விடியற்காலையில் முப்பத்திரண்டு பவுண்டு என்று பிடித்த காற்று, இருங்காட்டுக்கோட்டை மத்தியான வெயிலில் அதே பவுண்டில் இராது. நாலைந்து சுற்று ஓடிய பிறகு இன்னும் ஐந்தாறு பவுண்டு ஏறிவிடும். அதனால்தான் தடத்தில் ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் குனிந்து காற்றை அளக்கிறார்கள். சக்கர நட்டுகளையும் அப்படியே: அளவுள்ள டார்க் ரெஞ்சால் காலையில் ஒரு முறை, முதல் ஓட்டம் முடிந்து ஆறியபின் ஒரு முறை. காலால் ஸ்பேனர்மேல் ஏறி நின்று முடுக்கும் நம் பஞ்சர்க்கடைச் சம்பிரதாயம் இங்கே செல்லாது.

பிறகு காரைக் காலிசெய்ய வேண்டும். இது கேட்க எளிது, செய்யும்போதுதான் ஒரு குடும்பக் கார் எவ்வளவு பெரிய சத்திரம் என்பது தெரியும். சீட்டுக்கு அடியில் உருண்டு கிடக்கும் தண்ணீர் பாட்டில், குழந்தையின் பொம்மை, குடை, சில்லறைக் காசு, கூலிங்கிளாஸ், செண்டுப் புட்டி, தரை விரிப்பு யாவும் வெளியேற வேண்டும். பாட்டில் ஒன்று உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் செருகிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுவதில்லை. டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையாரையும் எடுத்துவிட வேண்டும் என்றதும் சிலர் முகம் வாடும். தயக்கம் நியாயமானதே. ஆனால் விக்கினங்களைத் தீர்ப்பவர் வேகத்தில் பெயர்ந்து வந்து நம் நெற்றியில் மோதித் தாமே விக்கினமாகிவிட இடம்கொடுக்கலாமா? ஒரு மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டால், மாலையில் திரும்பும்போது அவருக்குரிய இடம் அங்கேயே இருக்கும். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்குவதற்கு எந்தக் கழகத்து விதியிலும் தடை இருப்பதாகத் தெரியவில்லை. முன்கண்ணாடியில் தொங்கும் பழத்துக்கும் மிளகாய்க்கும்தான் அனுமதியில்லை.

தலைக்கவசத்தைப் பற்றி எழுதும்போது என் சொந்த அவமானம் ஒன்றை ஒப்புக்கொள்வதே நேர்மை. பல வருஷங்களுக்கு முன், ஒரு தடத்தில், அன்றைக்கு ஓட்டுவதற்காகப் பெயர் கொடுத்துவிட்டு, வீட்டிலிருந்த ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனேன். பரிசோதனை மேஜையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். ஹெல்மெட்டைத் திருப்பி உள்ளே பார்த்தாள், விரலால் பஞ்சை அழுத்தினாள், “சார், இது ஸ்கூட்டருக்கு. அதுவும் வாங்கி எட்டு வருஷம் ஆச்சு போல. இன்னிக்கு நீங்க பார்க்கத்தான் முடியும், ஓட்ட முடியாது” என்று மிகவும் மரியாதையாகச் சொன்னாள். நான் வாதம் செய்தேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஹெல்மெட்டைத் திருப்பித் தந்தாள், அடுத்தவரைக் கூப்பிட்டாள். அன்று முழுவதும் வேலிக்கு வெளியே வெயிலில் நின்றபோது அவள்மேல் கோபமாக இருந்தது. இப்போது இல்லை.

கார்ப் பந்தயத்துக்கும் பைக்குக்கும் ஹெல்மெட் வேறு என்பதற்குக் காரணம் உண்டு. காருக்குள் தலை இரும்புக் கம்பியில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மோதக்கூடும், நெருப்பும் பற்றக்கூடும். ஆகவே காருக்கான ஹெல்மெட்டின் உட்பகுதி நெருப்பைத் தாங்கவேண்டும். 1956-ல் பந்தயத்தில் தலையில் அடிபட்டு மாண்ட பீட் ஸ்னெல் என்னும் அமெரிக்கரின் நண்பர்கள் மறு வருஷம் அவர் பெயரால் தொடங்கிய ஸ்தாபனம் இந்தத் தரங்களை வகுத்துத் தருகிறது; ‘எஸ்ஏ’ என்ற எழுத்து காருக்கு, ‘எம்’ என்பது மோட்டார் சைக்கிளுக்கு. உடையில் ஆடம்பரம் வேண்டுவதில்லை: முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்திக் கால்சட்டை, அடிப்பாகம் மெல்லிய ஷூ. நைலான் துணி நெருப்பில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதற்கு விலக்கு.

இன்னொரு எச்சரிக்கையைப் பணமுள்ளவர்களுக்காகச் சொல்லவேண்டும். பந்தயக்காரர்களைப் பார்த்து ஆசைப்பட்டு, நாலு புள்ளிப் பட்டை பெல்ட்டைச் சாதாரணக் காரில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். கூரையைத் தாங்க உள்ளே இரும்புக் கூண்டு இல்லாத காரில் அந்தப் பட்டை உதவியன்று, அபாயம். கார் கவிழ்ந்து கூரை அமுங்கும்போது சாதாரண பெல்ட் உடலைச் சாயவிடும், பந்தயப் பட்டையோ நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளும். கழுத்தைத் தாங்கும் ‘ஹான்ஸ்’ கருவியும் முறையான ஆசனமும் கூண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பட்டைக்கு அர்த்தம். 2001-ல் அமெரிக்கப் பந்தய வீரர் டேல் ஏர்ன்ஹார்ட் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்த பிறகே அந்தக் கருவியின் அருமையைப் பலர் உணர்ந்தார்கள். 2003 முதல் ஃபார்முலா ஒன்னில் அது கட்டாயமாயிற்று. பாதி ஏற்பாட்டைவிடக் கம்பெனி போட்டுக்கொடுத்த பெல்ட்டே மேல்.

காரையும் மனிதனையும் பரிசோதித்து முடித்ததும், எல்லோரையும் உட்காரவைத்து விதிகளைச் சொல்வார்கள். இந்த அரைமணிப் பிரசங்கத்துக்கு வராதவர் தடத்தில் ஏறக்கூடாது. எத்தனை கோடி ரூபாய்க் காராக இருந்தாலும் சரி. பேச்சில் பாதி கொடிகளைப் பற்றியது. மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நின்றது, மெதுவாக உள்ளே வா. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் சாலையில் வழுக்கல். நீலம் என்றால் உனக்குப் பின்னால் வேகமானவன் வருகிறான். கறுப்பு என்றால் நீ ஏதோ செய்திருக்கிறாய், உள்ளே வந்து பதில் சொல். கறுப்பின் நடுவே ஆரஞ்சுப் பொட்டு என்றால் உன் காரில் ஏதோ ஒழுகுகிறது அல்லது தொங்குகிறது. இந்தக் கொடிகளைப் பிடித்துக்கொண்டு வளைவுக்கு வளைவு, நிழலில்லாத இடத்தில், நாள் முழுவதும் நிற்கிறவர்கள் மார்ஷல்கள். பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகளும், வார நாட்களில் வேறு உத்தியோகம் பார்க்கும் ஆர்வலர்களுமே இந்த வேலைக்கு வருகிறார்கள். ஓட்டுபவர்களைப் போட்டோ எடுக்க ஆயிரம் பேர். இவர்களுக்கு ஒரு மோர்ப் பாக்கெட் கொடுக்கத்தான் ஆள் குறைவு.

முந்துவதற்கு உள்ள விதி நம் நெடுஞ்சாலை ஓட்டிகள் அனைவரும் மனப்பாடம் செய்யத் தகுந்தது. நேர்ப்பாதையில் மட்டுமே முந்தலாம். அதுவும் முன்னே செல்பவர் கண்ணாடியில் பார்த்து, கையை வெளியே நீட்டி, இந்தப் பக்கம் போ என்று காட்டிய பிறகே. ஹாரன் கிடையாது, விளக்கை மினுக்குவது கிடையாது. வழி கேட்பவன் காத்திருக்கவேண்டும், வழிவிடுபவன் கௌரவம் பார்க்கக்கூடாது. ஓசூர் சிக்னலில் மூன்று பாஷைகளில் வசவு கேட்டுப் பழகிய காதுக்கு இந்த நாகரிகம் ஒரு கனவுபோலத்தான் இருக்கும்.

இவ்வளவு கட்டுப்பாடும் யாரோ வேலையற்றவர்கள் கற்பித்த சம்பிரதாயமன்று. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. 1955 ஜூன் 11-ஆம் தேதி பிரான்ஸில் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1966-ல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் மழையில் சறுக்கி விழுந்த ஜாக்கி ஸ்டூவர்ட், நசுங்கிய காருக்குள், பெட்ரோலில் ஊறியபடி சுமார் இருபத்தைந்து நிமிஷம் சிக்கிக் கிடந்தார். அவரை மீட்கவேண்டுமானால் ஸ்டீயரிங்கைக் கழற்றவேண்டும். கழற்ற ஒரு ஸ்பேனர் வேண்டும். தடத்தில் ஸ்பேனரோடு ஒருவரும் இல்லை. உடன் ஓட்டிய இரண்டு வீரர்கள், வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம் ஸ்பேனர் இரவல் வாங்கி அவரை விடுவித்தார்கள். அதற்குப் பிறகு ஸ்டூவர்ட் தம் காரின் ஸ்டீயரிங்கோடு ஒரு ஸ்பேனரை ஒட்டியே வைத்திருந்தார். மருத்துவ வசதியும் தடுப்புச் சுவரும் இல்லாத தடங்களுக்கு எதிராகப் பல வருஷம் போராடி, கோழை என்ற பெயரும் வாங்கிக்கொண்டார். மூன்று முறை உலகச் சாம்பியனான கோழை!

நம் நாட்டிலும் துக்கம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 2023 ஜனவரியில் தேசியக் கார்ப் பந்தயத்தின்போது 59 வயது மூத்த வீரர் ஒருவரும், அதே வருஷம் ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவனும் உயிரிழந்தார்கள். வேலியும் மார்ஷலும் ஆம்புலன்ஸும் இருந்தும் நேர்ந்தவை அவை. வேலிக்குள் ஆபத்தே இல்லை என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஆபத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்த பிறகு மிஞ்சுவதைத்தான் ஓட்டுபவன் தன் கையெழுத்தால் ஏற்றுக்கொள்கிறான். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி எனக்கு இன்றும் தீரவில்லை.

கையெழுத்து என்றதும் காகிதங்களின் நினைவு வருகிறது. காரின் இன்ஷூரன்ஸ் பாலிசியை வாங்கியவர்களில் அதைப் படித்தவர்கள் மிகச் சொற்பம். நம் நாட்டுத் தனியார் கார் பாலிசிகளில், ஏற்பாடான பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குக் காரைப் பயன்படுத்தினால் காப்பீடு செல்லாது என்ற நிபந்தனை உண்டு. தடத்தில் ஒரு கார் சுவரில் மோதினால் செலவு முழுவதும் சொந்தக்காரர் தலையில். ஐந்து வருஷத் தவணையில் வாங்கிய காருடன் வருகிறவர்கள் இதை ஒரு முறை யோசிப்பது நல்லது. நெடுஞ்சாலையில் பந்தயம் விடுகிறவர்களுக்கோ வேறு காகிதம் காத்திருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் குற்றத்துக்கு மூன்று மாதச் சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது.

தடத்தில் ஓடும் அனுபவத்தைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. எழுதினால் பொய் கலந்துவிடும். முதல் சுற்றில் டயரும் பிரேக்கும் சூடேற மெதுவாகவே போகவேண்டும். கடைசிச் சுற்றிலும் அப்படியே, ஆறுவதற்காக. உள்ளே வந்து நிறுத்தியதும் பழக்கதோஷத்தால் கை பிரேக்கை இழுத்துவிடக் கூடாது. கொதிக்கும் தட்டில் பேட் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதே முறை. நடுவில் நடப்பதில் ஒன்றை மட்டும் சொல்லலாம்: வேகத்தில் கெட்டிக்காரர் என்று தம்மை நினைத்துக்கொண்டிருந்தவர், பக்கத்தில் உட்கார்ந்த பயிற்சியாளர் “இன்னும் தூரத்தைப் பாருங்க, கையைப் பார்க்காதீங்க” என்று சொல்லும்போது, இருபது வருஷமாகத் தாம் பானெட்டுக்கு முன்னே பத்தடியைப் பார்த்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்பதை முதன்முதலாக அறிகிறார்.

மாலையில் திரும்பும் கார்களைக் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி அருகே பார்த்தால், காலையில் போனவை இவைதாமா என்று சந்தேகம் வரும். சக்கர வளையங்களில் கறுப்புத் தூள்; கண்ணாடியில் செத்த பூச்சிகள்; ஓட்டுபவர்கள் களைத்து, ஆனால் சாந்தமாக, இடது ஓரமாக வருவார்கள். தடத்துக்குப் போய்வந்தவர்களுக்கு நெடுஞ்சாலையில் விரட்டும் ஆசை குறைந்துவிடுகிறது என்பதை நான் புள்ளிவிவரமாகச் சொல்லவில்லை. பல வருஷம் இந்தச் சாலையில் நின்று பார்த்தவனுடைய அபிப்பிராயமாகச் சொல்கிறேன்.

ஆனால் அந்தச் சாந்தம் சொற்பப் பேருக்கே கிட்டுகிறது. 270 கிலோமீட்டர் போகவும், ஒரு செட் பிரேக் பேடைத் தேய்க்கவும், இடிபட்டால் தாமே செப்பனிடவும் வசதியுள்ளவர்களின் விளையாட்டாகத்தான் இன்றுவரை இது இருக்கிறது. ஓசூர் ஆலையில் பகலெல்லாம் பந்தயப் பெயர் தாங்கிய பைக்கைப் பூட்டிக்கொடுக்கும் இருபது வயதுப் பையன், தவணையில் வாங்கிய தன் பைக்கின் வேகத்தைச் சோதிக்க நினைத்தால், அவனுக்குக் கிடைப்பது ராயக்கோட்டைச் சாலையும் நள்ளிரவுச் சர்வீஸ் ரோடும்தான். அவனைப் போலீஸ் பிடிக்கலாம், பத்திரிகை கண்டிக்கலாம்; அவனுக்கு ஒரு வேலி கட்டித்தர மட்டும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. காளை ஓட அனுமதி கேட்டு நெடுஞ்சாலையை மறிக்கத் தெரிந்த பிரதேசம் இது.

இங்கேதான் முன்பு சொன்ன சோதனைத் தடத்தின் விஷயம் வருகிறது. வெளிவராத மாதிரி வண்டிகளை ஆலைக்காரர்கள் மறைத்துவைக்க வேண்டியிருப்பது நியாயம். தினந்தோறும் வாயிலைத் திறந்துவைக்க எவரும் கேட்கவில்லை. வருஷத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமை, மாதிரி வண்டிகளை ஷெட்டில் பூட்டிவிட்டு, இந்த மாவட்டத்து இளைஞர்களுக்குப் பிரேக் பிடிக்கவும், வளைவில் திரும்பவும், கொடிக்குக் கீழ்ப்படியவும் கற்றுக்கொடுக்க அந்தத் தடத்தை ஒதுக்கலாம். ஆம்புலன்ஸ் ஒன்று, தீயணைப்புக் கருவிகள் சில, கொடி பிடிக்கப் பழகிய பத்துப் பேர், ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்க்க அந்தப் பெண்ணைப்போல் தாட்சண்யமில்லாத ஒருத்தி வேண்டும். தடம் ஏற்கெனவே இருக்கிறது, வேலியும் இருக்கிறது. ஆலை நிர்வாகமும் மாவட்ட ஆட்சியரும் ஒரு மாலை உட்கார்ந்து பேசினால், வருகிற தை மாதத்துக்குள் முதல் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிடலாம்.